ஒரு சுருட்டு நேரம்

அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அசைந்தால் எலும்பு புகையாகிவிடும் என்றார். கொஞ்சம் தாமதித்து, படத்தில், என்று சேர்த்துக்கொண்டார். அந்தத் தாமதத்துக்குள் என் எலும்பு ஒருமுறை புகைந்து அடங்கிவிட்டது. எவ்வளவு நேரம் டாக்டர் என்றேன். நிதானமாக ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம் என்றார். யார் பிடிக்கிற சுருட்டு என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவர் சுவரோரம் போய் எதையோ திருகிவிட்டார். பினாங்கில் எங்கள் தந்தி ஆபீஸ் துரை பகல் சாப்பாட்டுக்குப் பின் பற்றவைக்கிற சுருட்டு சாயங்காலக் கப்பல் ஊதும்வரை இருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுடையது இரண்டு மூட்டைக்கு நடுவில் தீர்ந்துபோகும். இப்போது நான் யாருடைய சுருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன்? மேஜைமேல் என் இடது கை. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீட்டி, இரண்டு பக்கமும் மணல் பை வைத்து அணைத்து, கறுப்புக் காகிதம் சுற்றிய கண்ணாடித் தகட்டின்மேல் கிடத்தியிருக்கிறார்கள். விலைக்கு வைத்த வாளை மீன் மாதிரி கிடக்கிறது. அதற்கு நேர்மேலே மரத்தண்டில் மாட்டிய கண்ணாடிக் குமிழ், பூசணிப் பிஞ்சு அளவு. உள்ளே பச்சை வெளிச்சம், பாசிக் குளத்தில் முங்கிக்கொண்டு மேலே பார்த்தால் தெரிகிற வெயில் மாதிரி. மூலையில் ஒரு பெட்டி படபடவென்று பொறி தெறித்துக்கொண்டிருக்கிறது. இடி விழுந்த மரத்தடி வாசனை. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. துணி விலகின ஒரு இடத்தில் மட்டும் வேப்பேரித் தெருவின் முற்பகல் வெயில் கோடாக விழுகிறது. அந்தக் கோட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் தணிகாசலம், என் தங்கை புருஷன். கதவோரம் தண்ணீர்க் கூஜாவோடு நிற்கிறாள் செங்கமலம், என் தங்கை. தங்கை என்று நான் சொல்கிறேன். அவள் இன்னும் என்னை அண்ணன் என்று சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தச் சுருட்டு.

தணிகாசலத்தைக் குறை சொல்ல மனசு வரமாட்டேன் என்கிறது, வந்தால் சௌகரியமாக இருக்கும். கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. செத்தவன் திரும்பி வருகிற வழக்குகளைச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்கிறவர். நான் போன மாசம் வாசலில் ரிக்ஷாவை விட்டு இறங்கியபோது, வாங்க என்று சொன்னார், உட்காருங்க என்று சொன்னார், மச்சான் என்று மட்டும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. கூப்பிட வேண்டி வந்தால் ‘பினாங்குக்காரரே’ என்பார், அல்லது கனைப்பார். சாப்பிட உட்கார்ந்தால், பினாங்குக்காரருக்கு ரசம் ஊத்து. கடைக்குப் புறப்பட்டால், பினாங்குக்காரர் வர்றாரா? உறவைத் தவிர்த்துக்கொண்டு ஒரு ஆளை இவ்வளவு நாள் உபசரிப்பது சின்ன வித்தை இல்லை. முதல் நாளே கேட்டார்: “வரேன்னு தந்தி அடிச்சீங்களே, அதுல கையெழுத்து உண்டா?” தந்தியில் ஏது கையெழுத்து என்றேன். “அதைத்தான் நானும் சொல்றேன்” என்று இலையை மடித்துவிட்டு எழுந்தார். அப்புறம் ஒருநாள், கல்கத்தாவில் கட்டைவிரல் ரேகையை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிறார்களாம் என்று தினசரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் விரலை நான் நீட்டினேன். “நீங்க நீட்டி என்ன பிரயோஜனம்? பதிமூணு வயசுல கப்பலேறினவன் ரேகை வச்சுட்டா போனான்? ஒப்பிட ரெண்டு வேணும்.” ஒப்பிட இரண்டு வேண்டும். உண்மைதான். முதலாவது என்னிடமும் இல்லை. பதிமூன்று வயதில் காஞ்சிபுரத்தை விட்டுச் சித்தப்பாவோடு கப்பலேறி, இறங்கிய ஆறாம் மாசம் அவர் வாந்திபேதியில் போய், நான் எழுதின இரண்டு மூன்று கடுதாசிக்குப் பதில் வராமல், வேண்டாதவன் போலிருக்கிறது என்று விட்டுவிட்டு, விட்டது விட்டபடியே வயசு நாற்பத்தெட்டாகிவிட்டது. பதில் வராததற்குக் காரணம் இங்கே வந்துதான் தெரிந்தது. சித்தப்பாவோடு நானும் போய்விட்டேன் என்று இங்கே யாரோ சொல்லி, அம்மா எனக்குத் தலைமுழுகியிருக்கிறாள். கடுதாசிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. தபால்காரன்மேல் சந்தேகப்படலாம். இப்போது எல்லோர்மேலும்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேனே, அவன்மேலும் கொஞ்சம்.

அதுகூடப் பரவாயில்லை. எனக்கு முன்னால் ஒருவன் வந்திருக்கிறான். அம்மா கண் மங்கிப்போன காலம், ஏழெட்டு வருஷம் இருக்கும். நான்தான் ஏகாம்பரம், பினாங்கிலிருந்து வருகிறேன் என்று என் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தானாம். கோயில் குளத்தில் நான் விழுந்தது, மாமரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தது, அப்பாவின் குடைக் கம்பியை வளைத்துத் தூண்டில் செய்தது, எல்லாம் சொன்னானாம். ஓடிப்போய் அண்ணா என்று முதலில் கூப்பிட்டதே செங்கமலம்தானாம். ஒரு மாசம் இருந்திருக்கிறான். அம்மா அவனுக்குத் தினம் பிசைந்து போட்டாளாம். அவன் கையைத் தடவித் தடவி, கூடிடுச்சுடா, தடமே இல்லாம கூடிடுச்சுடா என்பாளாம். ஒருநாள் காலையில் ஆளைக் காணோம். எதையாவது எடுத்துக்கொண்டு போயிருந்தால் திருடன் என்று வைதுவிட்டு ஆறியிருப்பார்கள். ஒன்றும் எடுக்கவில்லை. ஒரு மாசச் சோற்றையும் அம்மாவையும் தவிர. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் வருவான் வருவான் என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த வருஷம் செத்துப்போனாள். இதையெல்லாம் தணிகாசலம் என்னிடம் சொன்னபோது செங்கமலம் உள்ளே அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அரைக்கிற சத்தம் நிற்கவேயில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும் எப்படித் தெரியுமென்று. ஜார்ஜ் டவுன் வாடகை அறையில் என்னோடு தங்கியிருந்த பக்கிரிசாமி. மழைக்காலத்தில் அங்கே விடிய விடியக் கொட்டும், பேச்சுத்தான் துணை. நான் மாமரத்தைச் சொல்வேன், குடைக் கம்பியைச் சொல்வேன், அவன் “அப்புறம்?” என்பான். அந்த அப்புறம் எவ்வளவு இனிப்பாக இருந்தது. ஊருக்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. அவனாகத்தான் இருக்க வேண்டும். இல்லை, அவன் வேறு எவனிடமோ சொல்லி, அந்த எவனோவா? அவன் அம்மா கையால் தின்றிருக்கிறான். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. என் பெயரைப் போட்டுக்கொண்டு போகட்டும், சட்டைதானே. அம்மா பிசைந்த சோறு. எந்தக் கையைத் தடவினாள் அவள்? இதை எத்தனையோ நாளாகக் கேட்க நினைத்து, கேட்டால் அதுவே ஒரு சாட்சியாகிவிடுமோ என்று கேட்காமல் இருக்கிறேன்.

ஆக, நான் என்ன சொன்னாலும் அது ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. குளத்தைச் சொன்னால், அவனும் சொன்னான் என்கிறார்கள். குடைக் கம்பியைச் சொன்னால், ஹூம் என்கிறார் தணிகாசலம். என் பிள்ளைப் பிராயம் முழுவதும் எச்சில் பட்டுவிட்டது. தை மாசம் செங்கமலத்தின் மகள் அஞ்சுகத்துக்குக் கல்யாணம். மணையில் உட்காருமுன் பெண்ணுக்குத் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். ஒரு சன்னமான தங்கத் தகடு, மஞ்சள் நூலில். அதைக் கட்டுகிற கை மாமன் கையாக இருக்க வேண்டும். நான் வருவதற்கு முன்னால் சித்தூரிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் வந்து கட்டுவதாக ஏற்பாடு. நான் வந்த பிறகு அவனை வேண்டாமென்றும் சொல்லவில்லை, வாவென்றும் சொல்லவில்லை. அஞ்சுகம் மட்டும் ஒருநாள் கொல்லையில் பூக் கட்டிக்கொண்டே, “நீங்க கட்டினா இறுக்கிக் கட்டுவீங்களா, தளர்த்திக் கட்டுவீங்களா? சித்தூர் மாமா கட்டினா தலைவலி வரும், கை முரடு” என்று கேட்டது. அந்தப் பெண் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை, ஆனால் அந்தக் கேள்வியில் கூப்பிட்டது. அதற்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் காதில் இரண்டாவது பொய் ஏகாம்பரம் என்று ஒரு பேச்சு விழுந்தால் பெண்ணுக்கு ஆயுசுக்கும் அது பட்டப்பெயர் என்கிறார் தணிகாசலம், அதில் பொய் இல்லை. அவர்தான் இந்த டாக்டர் ஞானாபரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். மாம்சத்தைத் தாண்டி எலும்பைப் பார்க்கிற மெஷின் வந்துவிட்டது, வாயால் ஆயிரம் சொல்லலாம், எலும்பு பொய் சொல்லுமா? “சின்னதுல ஒடிஞ்சது உண்டுன்னா தடம் இருக்கும். எந்தக் கை?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “இடது கை. துணி சுத்திக் கட்டியிருந்ததை நான் பாத்திருக்கேன்.” செங்கமலம். நான் வந்த பிறகு என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை. சந்தோஷத்தில் ஆமாம் ஆமாம் இடது கை என்று தலையாட்டினேன். கண்ணை மூடினால் எனக்கும் அதுதான் தெரிந்தது: இடது மணிக்கட்டில் மஞ்சள் கறை பட்ட பழந்துணி, முடிச்சு உள்பக்கம்.

விரல் மரத்துப்போகிறது. மோதிர விரல் தானாக ஒருமுறை துடித்ததா? டாக்டர் கவனித்தாரா? அவர் குமிழைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கையைத்தான் நான் பார்க்கக் கூடாது, கண் அங்கேயேதான் போகிறது. பூட்டிய கோட்டும் தங்கச் சங்கிலியும் போட்ட மனிதர், கை மட்டும் சுண்ணாம்பு கலக்கினவன் கை. புறங்கை சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, நகங்கள் கறுத்துக் கோடு விழுந்து. உள்ளே வந்ததும் கேட்டேன். “மருந்துத் தண்ணியில படம் கழுவறேன் இல்லையா, அதான். சொறி மாதிரி, போயிடும்” என்று சிரித்தார். குமிழ் நன்றாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தன் கையை நடுவில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாராம், அதையும் அதே சிரிப்போடு சொன்னார். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் பார்க்கிறேன். பார்த்து என்ன, என் கை அதே குமிழுக்கு அடியில்தானே கிடக்கிறது. இந்தக் கதிருக்கு ஏன் எக்ஸ் என்று பெயர் என்று தணிகாசலம் கேட்டதற்கு, என்னவென்று தெரியாததால்தான் அப்படி வைத்தார்கள் என்றார். என்னவென்றே தெரியாத ஒன்று வந்து நான் யார் என்று சொல்லப்போகிறது. கணக்கு வாத்தியார் அறியாத தொகைக்கு எக்ஸ் போடுவார், கடைசி வரியில் விடை வரும். விடை தப்பாக வந்தால் எக்ஸின்மேல் குற்றமில்லை, போட்டவன்மேல். இன்னொன்றும் சொன்னார் டாக்டர், என்னிடம் மட்டும், மணல் பையை நகர்த்துகிற சாக்கில் குனிந்து: “குழந்தை எலும்பு சிலருக்குத் தடமே இல்லாம கூடிடும். அதையும் மனசுல வச்சுக்குங்க.” அம்மா சொன்ன அதே வார்த்தை. இவர் ஏன் அதைத் தணிகாசலம் காதுபட உரக்கச் சொல்லவில்லை? தோற்றுப்போகிறவனுக்கு முன்கூட்டிச் சொல்கிற ஆறுதலா? இருவரும் பேசிவைத்துக்கொண்டார்களா? சே. என்னவெல்லாம் தோன்றுகிறது. ஆனால் தோன்றுகிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கு வலிக்கிற கை இதுவே இல்லை. வாடைக் காற்று அடித்தால் வலது முன்கைதான் குடையும். அது தந்தி ஆபீஸ் வியாதி. எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் வலது கை குடையும், கட்டுக்கட்டுக் கட்கட் என்று நாளெல்லாம் தட்டினால் குடையாமல் என்ன செய்யும்? சிலருக்கு விரல் மடங்கவே மடங்காது. எனக்கு விரலில் இல்லை. கொஞ்சம் மேலே, மணிக்கட்டும் தாண்டி, ஒரு பாக்கு அளவு இடத்தில். மற்றவர்களுக்கு எங்கே குடைந்தது என்று நான் கேட்டதில்லை. ஏன் கேட்டதில்லை? ரங்கூன், சிங்கப்பூர், மதராஸ் என்று ஊரார் சாவும் பிறப்பும் இந்தக் கை வழியாகக் கடலுக்கடியில் போயிருக்கின்றன. அம்மா சீரியஸ் உடனே புறப்படு என்று எத்தனை பேருக்கு அடித்திருப்பேன். எனக்கு யாரும் அடிக்கவில்லை. பக்கிரிசாமி அப்போது இங்கே இருந்தானா? அவன் என் அம்மா கையால், அவள் உருட்டுகிற உருண்டை சின்னதாக, விரல்நுனியாலேயே உருட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு அழுத்து, அந்தக் குழியில் துளி குழம்பு. வாயைத் திறடா. இன்னும் பெரிசா. எனக்குப் பத்து வயசு, ஊட்டிக்கொள்கிற வயசா? வாசலில் போன பையன்கள் சிரித்தார்கள், பத்து வயசுக் கழுதைக்குப் பால்சோறு என்று. வெட்கத்தில் தலையைத் திருப்பினேன். அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவள் பக்கத்தில் செங்கமலம், நாலு வயசு, எனக்கும் எனக்கும் என்று வாயைப் பிளந்துகொண்டு. அது எப்போது? கை ஒடிந்திருந்தபோது. ஆமாம், கை ஒடிந்ததால்தான் ஊட்டினாள். கை ஒடிந்ததால்.

இடது கை ஒடிந்தால் எதற்கு ஊட்ட வேண்டும்?

குமிழ் ஒரு கணம் மங்கி மறுபடி பச்சையாகிறது. அசையக் கூடாது. இடது கை ஒடிந்தவன் வலது கையால் தின்றுவிட்டுப் போகிறான். இவ்வளவு சுலபமான கணக்கு. மஞ்சள் துணி இடது கையில் இருந்ததே? இருந்தது. முடிச்சு உள்பக்கம். ஆனால் அந்தத் துணிக்குள் மூங்கில் பத்தை இல்லை. முட்டைவெள்ளைக்கருவும் உளுந்தும் காய்ந்த நாற்றம் இல்லை. அந்த நாற்றம் இந்தப் பக்கம், வலது பக்கம், தூங்கும்போது மூக்குக்கு நேரே. இடது கையில் வெறும் துணி, துணியின் மறுமுனை தூணில். தூணில்! முதல் நாள் பசி பொறுக்காமல் இடது கையைச் சட்டிக்குள் விட்டுவிட்டேன். பளீரென்று புறங்கையில் ஒரு அறை. எடக்கையாடா, எடக்கையாலயாடா திங்கிறே, மானங்கெட்டவனே. தன் பழம்புடவையைக் கிழித்து மணிக்கட்டில் சுற்றித் தூணோடு கட்டிவிட்டாள், பழகிடும், பழகிட்டா ஆயுசுக்கும் போகாது, கட்டு பிரிக்கிறவரைக்கும் நான் ஊட்டறேன் என்று. ஒடிந்த கைக்கு ஒரு கட்டு, ஒடியாத கைக்கு ஒரு கட்டு. ஒடிந்த கையை மேல்துண்டுக்குள் தூளி கட்டிப் போர்த்தியிருந்தார்கள். நாலு வயசுப் பிள்ளை கண்ணுக்கு எதிரே தெரிந்தது தூணில் கட்டிய இடது கை, அதைப் பிடித்து இழுத்து நான் அழுதது. அதைத்தான் அவள் சொன்னாள். கட்டியிருந்ததைப் பார்த்தேன் என்றாள். ஒடிந்ததைப் பார்த்தேன் என்றா சொன்னாள்? கேட்ட கேள்விக்கு அவள் பார்த்ததைச் சொன்னாள், நான் என் உடம்பைக் கேட்காமல் அவளை நம்பினேன். அவள் பேசிவிட்டாளே என்கிற குஷியில், அவள் வலது காது என்றிருந்தாலும் ஆமாம் என்றிருப்பேன். இதோ இப்போது ஒரு குறையுமில்லாத கை, பிறந்த நாள் முதல் ஒடியாத கை, தகட்டின்மேல் கிடந்து நான் பொய்யன் என்று தன்னைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறது.

அல்லது அவளுக்குத் தெரியுமா? கதவோரம் இருட்டில் முகம் தெரியவில்லை, கூஜாவின் மூடி மட்டும் பச்சையாக மின்னுகிறது. ஒருமுறை ஏமாந்தவள். ஓடிப்போய் அண்ணா என்று கூப்பிட்டுச் சூடுபட்டவள். இந்த முறை வேண்டுமென்றே தப்பான கையைச் சொல்லிப் பார்த்தாளா? நிஜமான அண்ணன் என்றால், இல்லை, வலது என்று சொல்லியிருப்பான். எது சொன்னாலும் பல்லை இளித்துத் தலையாட்டுகிறவன் எவன்? அப்படியானால் படம் எதற்கு, நான் தலையாட்டின அன்றே தீர்ப்பாகிவிட்டது. இத்தனை நாளும் அவள் போட்ட ரசம் தீர்ப்புக்குப் பிந்தின ரசம். இல்லை, செங்கமலம் அப்படிப்பட்டவள் இல்லை. அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்கு என்ன தெரியும்? நான் அறிந்தவள் ஏழு வயசில் கப்பல் பார்க்க வேண்டுமென்று அழுதவள். கதவோரம் நிற்கிறவளை எனக்கு ஒரு மாசமாகத்தான் தெரியும். ஒப்பிட இரண்டு வேண்டும். கையை அசைத்துவிடலாம். இப்போதே, ஒரு தும்மல் போதும். எலும்பு புகையாகும், படம் பாழ், உண்டென்றும் சொல்ல முடியாது இல்லையென்றும் சொல்ல முடியாது, சந்தேகம் சந்தேகமாகவே இருக்கும், சந்தேகத்தோடு இருந்துவிடலாம், ரசம் உண்டு, படுக்கப் பாய் உண்டு. ஆனால் அசைத்தான், வேண்டுமென்றே அசைத்தான் என்பார் தணிகாசலம். அசைக்காவிட்டால் தகடு சொல்லும். வலது கை என்று இப்போது வாயைத் திறந்தாலோ, மாட்டிக்கொண்டதும் கை மாற்றுகிறான் என்பார், கோர்ட்டில் பார்க்காததா? எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே அந்த மற்றவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனாக இருந்தால் என்ன செய்வான்? அசைப்பான். தும்முவான். அழகாகத் தும்முவான். நான் அசைக்கவில்லை. கை மரத்துப்போய் யாருடையதோ போல் இருக்கிறது, ஆனால் அசைக்கவில்லை.

பொறிச் சத்தம் நின்றது. பச்சை செத்தது. “போதும், எடுத்துக்கலாம்” என்கிறார் டாக்டர். நான் எடுக்கவில்லை. டாக்டர், இது கட்டின கை, ஒடிஞ்ச கை அது, என்று என் வாய் சொல்கிறது, வலது கை தானாக எழுந்து நிற்கிறது, வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற பையன் மாதிரி. நாற்காலி கிறீச்சிடுகிறது. “அடடடா” என்கிறார் தணிகாசலம், ருசி பார்த்தவர் மாதிரி. “படம் எடுத்து முடிஞ்சப்புறம் கை மாறுதா? பினாங்குல எல்லாருக்கும் இப்படித்தான் மாறுமா? நாளைக்கு அதுவும் இல்லேன்னா காலு, அப்புறம் பல்லு. டாக்டர்வாள், எதுக்கும் முழு ஆளையும் ஒரு படம் புடிச்சுடுங்க.” நான் அவரைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை, தப்பு என்னோடது, சரியா நெனைச்சுப் பாக்காம தலையாட்டிட்டேன், என்கிறேன். “நெனைச்சுப் பாத்தா வர்றதா அது? ஒடிஞ்சது உங்க கைதானே?” நியாயமான கேள்வி. அதற்கு இருக்கிற ஒரே பதில் தூண், துணி, அறை. அதைச் சொல்லிவிடலாம், நாக்கு நுனியில் இருக்கிறது. பக்கிரிசாமிக்குச் சொல்லாதது அது ஒன்றுதான், எனக்கே இப்போதுதான் தெரியும். ஆனால் சொன்னால் அதுவும் ஒரு கதையாகிவிடும். அழகான கதை. இவன் அவனைவிடக் கெட்டிக்காரன் என்பார். சொல்லவில்லை. கதவோரத்திலிருந்து ஒரு வார்த்தை வருமா என்று பார்க்கிறேன். கூஜா அசையவில்லை. “இன்னொரு தகடு இருக்கு” என்கிறார் டாக்டர் உரிந்த கையைத் தேய்த்துக்கொண்டே, “பாட்டரிதான் எவ்வளவு தாங்குமோ தெரியல. பாப்போம். வந்தது வந்தீங்க.” தணிகாசலம் கனைக்கிறார். அது சரி என்றும் அர்த்தமாகலாம்.

மறுபடி மணல் பை. மறுபடி கறுப்புக் காகிதம். இந்த முறை வலது கை. குமிழில் பச்சை முன்னைவிட இளைத்திருக்கிறது. பொறி சில சமயம் தெறிக்கிறது, சில சமயம் யோசிக்கிறது. குழந்தை எலும்பு தடமே இல்லாமல் கூடிவிடும். பாட்டரி பாதியில் போய்விடும். நான் பத்து வயசிலேயே நன்றாகக் கூடிக்கொண்டேன் என்பது என் குற்றமாகப் போகிறது. வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. தண்ணி, என்கிறேன், யாரிடமென்று இல்லாமல். புடவை சரசரக்கிறது. செங்கமலம் பக்கத்தில் வந்து நிற்கிறாள். கூஜாவைச் சாய்த்துத் தம்ளரில் ஊற்றுகிறாள், தண்ணீர் விழுகிற சத்தம் இந்தப் பொறிச் சத்தத்துக்குள் எவ்வளவு தனியாகக் கேட்கிறது. வலது கை தகட்டுக்குச் சொந்தம். நான் இடது கையை நீட்டுகிறேன், வேறு எதை நீட்டுவது, இன்னும் மரத்துப் பொதபொதவென்று இருக்கிற கையை, தம்ளரை நோக்கி.

பளீர்.

புறங்கையில். “எடக்கையாடா!” என்கிறாள். டா. ஆறு வயசு மூத்த அண்ணனையும் யாரும் டா போட மாட்டார்கள். அந்நியனை, அதுவும் புருஷன் எதிரில், சொல்லவே வேண்டாம். அந்த டா அவளுடையது இல்லை. சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுகிறது. தம்ளரும் கையுமாக நின்றுவிடுகிறாள். தம்ளர் தளும்பி என் முழங்காலில் ஜில்லென்று விழுகிறது. “என்னாச்சு?” என்கிறார் தணிகாசலம். இது ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும், இந்த ஊரில் இடது கையை நீட்டினால் எந்தப் பெண்ணும் தட்டிவிடத்தான் செய்வாள், அது அண்ணனுக்கென்று தனியாக விழுகிற அடி இல்லை, கோர்ட்டில் நிற்காது. தட்டிய கை ஆனால் எடுக்கப்படவில்லை. என் இடது மணிக்கட்டின்மேலேயே இருக்கிறது. விரல்கள் மெதுவாக வளைகின்றன, கட்டைவிரல் உள்பக்கம் வந்து, முடிச்சு இருந்த இடத்தில் நிற்கிறது. அந்த இடம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது, பிடிக்கிற எவருக்கும் கட்டைவிரல் அங்கேதான் வரும் என்றும் தோன்றுகிறது. என் மடியோடு சேர்த்து அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். மற்றக் கையால் தம்ளரை என் வாய்க்கு மேலே உயர்த்துகிறாள். தொறங்க, என்கிறாள், இப்போது மரியாதையாக. நான் அண்ணாந்து வாயைத் திறக்கிறேன். இன்னும் பெரிசாகத் திறக்கிறேன். தண்ணீர் விழுகிறது.

“அசையாதீங்க” என்கிறார் டாக்டர் இருட்டிலிருந்து. “கொஞ்ச நேரந்தான்.”

எந்தக் கையும் அசையவில்லை. அவளும் விடவில்லை.